உப்புக் காற்றில் நிற்கும் தூண்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் நெருங்குவது கண்ணுக்கே தெரியும். பச்சை குறைந்து வெள்ளை கூடும். பாத்திகள், வரப்புகள், ஓலை மூடிய உப்பு அம்பாரங்கள். தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளையும் பெரிய இடம் இது. ஆந்திரக் கடலோரத்திலிருந்து இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது.

அந்தச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு மோட்டார் கொட்டகையின் முன்னால் நின்று ஒரு காங்கிரீட் தூணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலைப் பார்த்த முகத்தில், மூலைக் கம்பி ஓடும் கோட்டிலேயே, அடியிலிருந்து இடுப்பு உயரம் வரை நேராக ஒரு வெடிப்பு. விரல் நகத்தால் நெம்பினால் காங்கிரீட் பட்டையாகக் கையோடு வந்தது. உள்ளே கம்பி ஏடு ஏடாகப் பிரிந்து, பழைய புத்தகம் போல இருந்தது. மேற்கு முகத்தில் ஒன்றுமே இல்லை. சுண்ணாம்பு அடித்த வழவழப்பு. கொட்டகைக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தூணின் மேல் உள்ளங்கையை வைத்தால் அதன் ரீங்காரம் தெரிந்தது.

அந்த ரீங்காரத்தை அளந்தால் தூணின் உடல்நிலையைச் சொல்லிவிட முடியுமா? ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகப் பொறியியல் ஆய்வுலகம் இந்தக் கேள்வியைக் கேட்டுவருகிறது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்துவிட்டன. இவ்வளவுக்குப் பிறகு இதில் நம்பக்கூடியது எது, இன்னும் நம்பக்கூடாதது எது, இந்த உப்புக் கரைக்கு உதவுவது எது என்பதைப் பார்ப்பதுதான் இக்கட்டுரை.

இங்கே இதற்கு ஓர் அவசரம் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. கரையேறிய பிறகும் நகராமல் நின்று கொட்டியது. இதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. பாத்தியும் வரப்பும் தெரியாமல் உப்பளங்கள் நீருக்குள் போயின. 2011 டிசம்பரில் தானே புயல். அதற்கு முன் 2004 சுனாமி. இப்படிப்பட்ட இரவுகளில் குப்பத்துச் சனங்கள் போய் ஒதுங்குவது பள்ளிக்கூடங்களிலும் புயல் பாதுகாப்பு மையங்களிலும்தான். வீடு தாங்காது என்றால் அங்கே போகலாம். அந்தக் கட்டடமே தாங்காது என்றால் அந்த நேரத்தில் போக வேறு இடம் கிடையாது. கொட்டகைத் தூணைத் தின்கிற அதே காற்றுதான் அந்தக் கட்டடங்களின் மேலும் வீசுகிறது. அவற்றின் தூண்களுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அதிர்வை அளந்து பழுது தேடும் இந்த முறையின் அடிப்படை எளிமையானது. டைல்ஸ் ஒட்டிய மேஸ்திரி கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போவார்; ஓரிடத்தில் சத்தம் மாறும்; அங்கே அடியில் கலவை இல்லை என்று எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவார். கட்டடத்தையும் அப்படித் 'தட்டி'ப் பார்ப்பதுதான் இந்தத் துறை. ஊஞ்சலை எந்த வேகத்தில் தள்ளினாலும், விட்டதும் அது தன் வேகத்தில்தான் ஆடும். கட்டடத்துக்கும் அப்படித் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. அதுதான் இயல்பதிர்வெண். கட்டடம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, எவ்வளவு கனமாக இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. பழுது ஏற்பட்டால் விறைப்பு குறையும், ஆட்டம் மெதுவாகும். கணக்கு வர்க்கமூலக் கணக்கு என்பதால் விறைப்பு 10 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் 5 சதவீதம்தான் குறையும். இந்தப் பாதியாகும் விஷயம் சின்னதாகத் தெரிந்தாலும், பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

எண்களாகவே பார்க்கலாம். நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893, கட்டடம் ஒரு முறை ஆட எடுக்கும் நேரத்துக்கு எளிய சூத்திரங்கள் தருகிறது. 10 மீட்டர் உயரக் காங்கிரீட் சட்டகம், சுவர் இல்லாமல் தூணும் பீமும் மட்டும் என்றால் சுமார் 0.42 விநாடி, அதாவது நொடிக்கு 2.4 ஆட்டம். அதே கட்டடத்தில் செங்கல் சுவர்கள் நிரப்பி, ஆடும் திசையில் 16 மீட்டர் நீளம் என்றால் 0.225 விநாடி, நொடிக்கு 4.4 ஆட்டம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. வடிவமைப்பாளர் தன் கணக்கில் செங்கல் சுவரை வெறும் சுமை என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். கட்டடம் ஆடும்போதோ தூணைவிடச் சுவரின் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது.

அளப்பதற்கு முன்பெல்லாம் மாடியில் எந்திரம் வைத்துக் கட்டடத்தைக் குலுக்க வேண்டியிருந்தது. இன்று அது தேவையில்லை. காற்று, சாலையில் போகும் பேருந்து, தரையை ஓயாமல் நடுக்கிக்கொண்டிருக்கும் கடல் அலை, இவையே போதும். மாடியில் இரண்டு மூன்று முடுக்கமானிகளை வைத்து அரை மணி நேரம் பதிவு செய்தால் கட்டடத்தின் முதல் சில அதிர்வெண்களும், அது எந்த உருவில் வளைந்து ஆடுகிறது என்ற பாங்கும், ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்ற தணிப்பும் கிடைத்துவிடும். செல்போனிலேயே முடுக்கமானி இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் ஒரு மாடி, இரண்டு மாடிக் கட்டடத்தின் அன்றாட நடுக்கம் அவ்வளவு நுண்ணியது; போனின் சொந்த இரைச்சலே அதை மூழ்கடித்துவிடும். நல்ல கருவி வேண்டும்.

1979இல் இங்கிலாந்தின் காலி, ஆடம்ஸ் இருவரும் இத்துறைக்கு நம்பிக்கை கொடுத்த கட்டுரையை எழுதினார்கள். ஒரு பொருள் பல அதிர்வெண்களில் ஆடும். பழுது நடுவில் இருந்தால் சில அதிர்வெண்கள் அதிகம் குறையும், ஓரத்தில் இருந்தால் வேறு சில. ஆகவே குறைவுகளின் விகிதத்தைப் பார்த்தே பழுது எங்கே என்று சொல்லிவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். 1993இல் டென்மார்க்கின் ரூட்டர் இத்துறையின் கேள்விகளை நான்கு படிகளாகப் பிரித்தார்: பழுது இருக்கிறதா, எங்கே, எவ்வளவு, இன்னும் எத்தனை நாள் தாங்கும். ஆய்வகத்தில் முதல் மூன்று படிகளும் ஏறியாகிவிட்டது. வெளியே, வெயிலிலும் மழையிலும் நிற்கும் கட்டடத்தில், முதல் படியே வழுக்குகிறது. வழுக்கிய கதைகளைச் சொல்லியாக வேண்டும். இத்துறையின் உண்மையான பாடங்கள் அங்கேதான் இருக்கின்றன.

முதலில் வடகடல். எண்ணெய் எடுக்கும் மேடைகளின் கால்கள் கடலுக்கடியில் இருக்கின்றன. முக்குளிப்போரை அனுப்பிப் பார்ப்பது செலவும் ஆபத்தும். மேலேயே அதிர்வை அளந்தால் போதுமே என்று 1970களில் பெருமுயற்சி நடந்தது. கால்களில் பாசியும் சிப்பியும் படர்ந்து எடை கூடியது. தொட்டிகளில் எண்ணெய் ஏறி இறங்கியது. துளையிடும் எந்திரத்தின் ஓசை எல்லாவற்றையும் மூடியது. அதிர்வெண் மாறிக்கொண்டே இருந்தது, பழுதில்லாமலேயே. 1980களின் தொடக்கத்தில் எண்ணெய்த் தொழில் இந்த முயற்சியைக் கைவிட்டது.

அடுத்தது அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றின் மேல் நின்ற ஐ-40 பாலம். இடிக்கப்போகிற பாலம் என்பதால் 1993இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஃபாரர் குழுவினர் அதன் இரும்பு கர்டரை நான்கு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அளந்தார்கள். வெட்டுவதற்கு முன் முதல் அதிர்வெண் 2.48 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2.48 ஆட்டம். முதல் வெட்டுக்குப் பிறகு 2.52. இரண்டாவதற்குப் பிறகும் 2.52. வெட்ட வெட்டப் பாலம் 'தேறிக்கொண்டு' வந்தது! மூன்றாவது வெட்டில் 2.46, கர்டரின் அடிப்பட்டை முழுதும் அறுந்த நான்காவதில்தான் 2.30. வெப்பநிலை மாறியதில் வந்த மாற்றம் வெட்டின் மாற்றத்தை விழுங்கிவிட்டது. அதே மாநிலத்தின் அலமோசா கேன்யன் பாலத்தில் ஒரே நாளுக்குள், காலைக்கும் மாலைக்கும் இடையில், அதிர்வெண் 5 சதவீதம் வரை ஏறி இறங்கியதைப் பிறகு கண்டார்கள். சுவிட்சர்லாந்தின் இசட்-24 பாலத்தை இடிக்கும் முன் 1997-98இல் ஏறக்குறைய ஓராண்டு தொடர்ந்து அளந்தபோது, பனியில் தார் இறுகியதும் பாலமே விறைத்துப்போய் அதிர்வெண் பத்து சதவீதத்துக்கும் மேல் ஆடியது தெரிந்தது. ஆனால் அங்கே ஒரு நல்லதும் நடந்தது. ஓராண்டு அளவு கையில் இருந்ததால் வெப்பநிலையின் பங்கைக் கணக்குப் போட்டுக் கழிக்க முடிந்தது. கழித்த பிறகு, கடைசியில் வேண்டுமென்றே செய்த பழுதுகள் தனியாகத் தெரிந்தன.

பாலங்கள் போதும், கட்டடத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் கால்டெக் வளாகத்தில் 2021 வரை மில்லிகன் நூலகம் என்று அழைக்கப்பட்ட கட்டடம் உலகிலேயே அதிகம் அளக்கப்பட்ட கட்டடங்களில் ஒன்று. 1960களின் கடைசியில் கட்டிய ஒன்பது மாடிக் காங்கிரீட் கட்டடம். கட்டியபோது எடுத்த அளவிலிருந்து 2000களின் தொடக்கத்துக்குள் அதன் கிழக்கு-மேற்கு அதிர்வெண் 20 சதவீதத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம் அதில் பெரும்பங்கு. ஆனாலும் கட்டடம் பாதுகாப்பாகவே நின்றது. எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது இன்னொரு செய்தி: பெருமழை பெய்தால் சில மணி நேரத்துக்குள் அதன் அதிர்வெண் 3 சதவீதம் போல ஏறும், காய்ந்ததும் இறங்கும். வெயிலும் காற்றும்கூட அதை அசைத்தன. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாளில் அரை மீட்டர் மழை கொட்டும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தால் பதற்றமாகத்தான் இருக்கிறது. மழைக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு என்று இரண்டை மட்டும் எடுத்து ஒப்பிட்டால், புயலில் அடிபட்ட கட்டடம் 'முன்னைவிட உறுதியாகிவிட்டது' என்றுகூட முடிவு வரலாம்.

சரி, அளவுகள் இப்படி அலைபாய்ந்தால் கணினி மாதிரி உதவாதா? மாதிரி என்பது கட்டடத்தின் நிழற்படி. தூண், பீம், சுவர் ஒவ்வொன்றையும் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விறைப்பு, எடை கொடுத்து, கணினிக்குள் ஆட்டிப் பார்ப்பது. மாதிரி சொல்லும் அதிர்வெண்ணும் மாடியில் அளந்ததும் முதலில் ஒருபோதும் பொருந்தாது. பொருந்தும்வரை கூறுகளின் விறைப்பைக் கூட்டிக் குறைத்துத் திருத்துவார்கள். எந்தக் கூறில் அதிகம் குறைக்க வேண்டிவருகிறதோ அங்கே பழுது. ஃபிரிஸ்வெல், மாட்டர்ஷெட் இருவரும் 1995இல் எழுதிய நூல் இந்த மாதிரித் திருத்தத்துக்கு இன்றும் பாடநூல்.

இதில் இரண்டு பள்ளங்கள். ஒன்று, கட்டடத்தில் கூறுகள் நூற்றுக்கணக்கில். நம் கையில் இருப்பதோ ஐந்தாறு அதிர்வெண்கள். ஐந்து சாட்சிகளை வைத்துக்கொண்டு ஐந்நூறு பேரை விசாரிப்பதுபோல. வெவ்வேறு தூண்களில் குற்றம் சாட்டினாலும் கணக்கு ஒரே மாதிரி பொருந்திவிடும். அதனால்தான் கால்டெக்கின் பெக், கட்டாஃபிகியோட்டிஸ் போன்றவர்கள் 1990களில் 'இந்தத் தூணில்தான்' என்று அடித்துச் சொல்லாமல், 'இந்தத் தூணில் இருக்க இவ்வளவு வாய்ப்பு' என்று நிகழ்தகவாகச் சொல்லும் முறைக்குப் போனார்கள். என் பார்வையில் மாதிரி சார்ந்த முறைகளில் நேர்மையானது அதுதான். இரண்டாவது பள்ளம், நான் மேலே சொன்ன செங்கல் சுவர். அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் ஒப்பீட்டுச் சோதனைக் கட்டடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது: நான்கு மாடி இரும்புச் சட்டகம், உண்மையான அளவில் நாலில் ஒரு பங்காகச் செய்தது. அதன் குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உன் முறை கண்டுபிடிக்கிறதா பார் என்று உலகமெங்கும் ஆய்வாளர்கள் போட்டியிட்டார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் நம் ஊர்ப் பள்ளிக்கூடம் போல்ட் போட்ட இரும்புச் சட்டகம் இல்லை. சுவரும் தூணும் சேரும் இடத்தில் பூச்சுக்குள் முடி அளவு இடைவெளி விழுந்தாலே அதிர்வெண் கணிசமாக விழும். அது ஆபத்தான பழுதாகவே இருக்காது. தூணுக்குள் கம்பி கரைந்துகொண்டிருக்கும், அதிர்வெண் அசையாது.

இந்தக் கடைசி வாக்கியம்தான் உப்புக் கரையின் தனிச் சிக்கல். இதுவரை எந்தக் கதையும் இதைத் தொடவில்லை. பாலத்தை வெட்டினார்கள், சட்டத்தைக் கழற்றினார்கள், நிலநடுக்கம் வெடிக்க வைத்தது. உப்பு வேலை செய்யும் விதம் வேறு.

நல்ல காங்கிரீட் கடும் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மிக மெல்லிய காப்புப் படலம் ஒன்று தானாக உருவாகி, துருவைத் தடுக்கிறது. காற்றிலும் நிலத்தடி நீரிலும் வரும் குளோரைடு மெதுவாக உள்ளே ஊறி அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கிறது. உடைந்த இடத்தில் குழி விழுகிறது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கு மேல் உப்புகிறது. அந்த நெருக்கலில்தான் கம்பி ஓடும் கோட்டில் வெடிப்பு வருகிறது. கலவைக்கு உவர்நீர் ஊற்றியிருந்தால் குளோரைடு வெளியிலிருந்து வரவே தேவையில்லை, முதல் நாளே உள்ளே இருக்கும். ஐ.எஸ். 456 கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஊற்றும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது என்கிறது. கடல்நீரில் இருப்பது 19,000 மில்லிகிராம் அளவு. கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரிங், நீர்த்திவலை படும் இடத்தில் 50 மில்லிமீட்டர் வேண்டும் என்பதும் அதே தரநிலை. நான் பார்த்த கொட்டகைத் தூணில் கம்பிக்கு மேல் என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

இப்போது ஒரு கணக்கு. ஓர் அடிக்கு ஓர் அடி, அதாவது 300 மில்லிமீட்டர் சதுரத் தூண். எம் 30 தரக் காங்கிரீட். நான்கு மூலையிலும் 16 மில்லிமீட்டர் கம்பி. இந்தத் தூண் வளைவதை எதிர்க்கும் விறைப்பில் கம்பிகளின் பங்கு சுமார் 6 சதவீதம்தான்; மீதியெல்லாம் காங்கிரீட். துருப்பிடித்துக் கம்பி 14 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய அளவுக்குத் தேய்ந்தால் அதன் குறுக்குப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. வளைந்து ஒடியாமல் தாங்கும் வலிமையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைகிறது. விறைப்பிலோ 6 சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1.2 சதவீதம்தான் குறைகிறது. எல்லாத் தூண்களும் இதேபோல் தேய்ந்திருந்தாலும் கட்டடத்தின் அதிர்வெண் 0.6 சதவீதம் இறங்கும். ஒரு மழை 3 சதவீதம் ஏற்றிவிடும் என்று பார்த்தோம். அந்த 0.6 எங்கே தெரியப்போகிறது?

அதிர்வு அளப்பது விறைப்பை. கட்டடம் விழுவது வலிமை போவதால். இரண்டும் சேர்ந்தே குறையும் பழுதுகளில் இந்த முறை நன்றாக வேலை செய்யும். உப்பு அரிப்பின் முதல் பல ஆண்டுகளில் வலிமை தனியாகப் போய்க்கொண்டிருக்கும். விறைப்பு வீட்டில் உட்கார்ந்திருக்கும். அதிர்வு ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை பழுதை 'விறைப்புக் குறைவு' என்று வரையறுத்துவிட்டே தொடங்குகின்றன. கடலோரத்துக்கு அந்த வரையறை பொருந்தாது என்று உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறகு கவரிங் உதிர்கிறது. தூணின் ஒரு முகம் முழுதும் 45 மில்லிமீட்டர் உதிர்ந்துவிட்டால் அந்தத் திசையில் அதன் விறைப்பு ஏறக்குறைய 40 சதவீதம் விழும். இப்போது அதிர்வெண் பேசும். ஆனால் உதிர்ந்ததைக் கண்ணே பார்த்துவிடுமே, கருவி எதற்கு? இந்தக் கேள்வியை நானே பல நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் கிடைத்தது ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில். தூண்களெல்லாம் பளபளவென்று இருந்தன. ஒன்றைத் தட்டினேன், கணீர். அடுத்ததைத் தட்டினேன், தொப் என்றது. உதிர்ந்த இடத்தில் துருவைச் சுரண்டாமல் அப்படியே கலவை அப்பி, பூசி, பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒட்டாத பூச்சு தூணுக்கு விறைப்பு தராது. கண் பெயிண்டைப் பார்த்து ஏமாறும், அதிர்வெண் ஏமாறாது. இந்தக் கரையில் அதிர்வு முறைக்கு இருக்கும் முதல் நியாயமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்: பூசி மறைத்ததைக் காட்டிக்கொடுப்பது. இரண்டாவது வேலை, கண்ணுக்கே எட்டாத அஸ்திவாரம். வெள்ளம் அடிமண்ணை அரித்துவிட்டால் கட்டடத்தின் காலடி இளகி, ஆட்டம் தெளிவாக மாறும்.

உப்புக் காற்றையும் அதிர்வு உணரிகளையும் ஒன்றாக வைத்துத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது பாம்பனில். 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த ரயில் பாலம். நடுவில் கப்பலுக்குத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி. 1964 டிசம்பர் புயலில் சிதைந்து, 46 நாளில் மறுபடி எழுந்தது. பக்கத்து மண்டபத்தில்தான் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கடல் அரிப்பைச் சோதிக்க உலோகங்களை வெளியில் வைத்துப் பார்க்கிறது. அவ்வளவு கடுமையான காற்று. 2018 டிசம்பரில் தூக்குப் பகுதியில் பழுது தெரிந்து ரயில் நின்றது; சரிசெய்து அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மறுபடி ஓடியது. சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களின் துணையோடு பாலத்தில் உணரிகள் பொருத்தித் தொடர்ந்து கண்காணித்தார்கள். 2022 டிசம்பரில் அந்தக் கண்காணிப்பு அபாயம் காட்டியதும் ரயில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு பழைய பாலத்தில் பயணிகள் ரயில் ஓடவே இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்தில் புதுப் பாலம் திறந்தது.

பாம்பன் வெற்றிதான். ஏன் வெற்றி என்று பார்க்க வேண்டும். எது பலவீனமான பகுதி என்று முன்பே தெரிந்திருந்தது. உணரிகளை அங்கே வைத்தார்கள். தொடர்ந்து அளந்தார்கள், நேற்றைய அளவோடு இன்றைய அளவை வைத்துப் பார்க்க முடிந்தது. எண் ஏறியபோது ரயிலை நிறுத்தும் அதிகாரம் உள்ளவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலும் அது இரும்புப் பாலம். அரிப்பு தின்றது அதன் விறைப்பையும் சேர்த்துத்தான். மரக்காணத்துப் பள்ளிக்கூடத்துக்கு இவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தீர்த்துவிடும் என்ற பேச்சு இப்போது பலமாக இருக்கிறது. 2017இல் கத்தார் பல்கலைக்கழகத்தில் ஆய்வகத்துக்குள் கட்டிய பார்வையாளர் மேடைச் சட்டகம் ஒன்றில் இணைப்புகளைத் தளர்த்தி, நரம்பு வலைப்பின்னலை வைத்து அவற்றைச் சரியாகக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். கூர்மையான வேலை. ஆனால் வலைப்பின்னலுக்குப் பழுதான நிலையின் அளவுகளையும் கொடுத்துப் பழக்க வேண்டும். குடியிருக்கும் கட்டடத்தைப் பழுதாக்கி அளவெடுக்க முடியாது. கணினி மாதிரியில் பழுதாக்கித்தான் பழக்க வேண்டும். அப்போது மாதிரியின் குறைகளெல்லாம் வலைப்பின்னலுக்கும் வந்துசேரும். வேர்டன், ஃபாரர் முதலானோர் 2007இல் இத்துறையின் அடிப்படை உண்மைகளைத் தொகுத்தபோது இரண்டு விஷயங்களைத் தெளிவாக வைத்தார்கள்: உணரி பழுதை அளப்பதில்லை, நாம்தான் அளவிலிருந்து பழுதைப் பிரித்தெடுக்கிறோம்; பழுது என்று சொல்ல இரண்டு நிலைகளை ஒப்பிட்டே ஆக வேண்டும்.

இரண்டு நிலைகள். இன்றையது எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். முதல் நிலை கட்டடம் திறந்த நாளில் மட்டும் கிடைக்கும். அன்றைக்கு எடுக்காவிட்டால் போனது போனதுதான். இவ்வளவு படித்த பிறகு நான் ஒன்றைக் கேட்பதானால் இதைத்தான் கேட்பேன்: இந்தக் கரையில் கட்டும் ஒவ்வொரு புயல் பாதுகாப்பு மையத்துக்கும், பள்ளிக்கூடத்துக்கும் முதல் நாள் அதிர்வளவு எடுத்து வைக்க வேண்டும். புயல் மட்டும் இல்லை, 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலுக்குள் நிலநடுக்கமும் வந்தது. சென்னை வரை உணர்ந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் குஜராத் நிலநடுக்கத்தின்போது அகமதாபாத்தின் பாஸ்போர்ட் அலுவலகக் கட்டடத்தில் முன்பே கருவிகள் வைத்திருந்ததால், அந்தக் கட்டடம் எப்படிக் குலுங்கியது என்ற பதிவு இன்றும் ஆய்வாளர்கள் கையில் இருக்கிறது.

ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களுக்கு? இன்றையதையே முதல் நாளாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதோடு உப்பின் வேலையை அளக்கத் தனிக் கருவி வேண்டும். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் எளிய சோதனை உண்டு. மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் அங்கே அரிப்பு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்பது ஏற்கப்பட்ட அளவுகோல். கவரிங் எவ்வளவு என்று காட்டும் மீட்டர் உண்டு. காங்கிரீட் பொடியை எடுத்துக் குளோரைடு பார்க்கலாம். சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம். அதிர்வு தெரிந்தவர்களும் அரிப்பு தெரிந்தவர்களும் இதே மாநிலத்தில் இருக்கிறார்கள். ஒரே தூணின் முன்னால் இருவரும் சேர்ந்து நிற்பதுதான் அரிதாக இருக்கிறது. வலிமை போவதை மின்னழுத்தம் முன்கூட்டிச் சொல்லும். கட்டடம் முழுதாக எங்கே நிற்கிறது என்பதை அதிர்வு சொல்லும். மாதிரி இரண்டையும் ஓரிடத்தில் வைத்துக் கணக்குப் பார்க்கும்.

அளவெடுக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஓர் அளவு போதாது. சித்திரை வெயிலில் ஒன்று, ஐப்பசி மழையில் ஒன்று, தையில் ஒன்று, ஒவ்வொன்றிலும் விடியற்காலையும் நடுப்பகலும். வெப்பநிலையையும் முந்தின நாள் மழையையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள். பக்கத்தில் மோட்டார் ஓடினால் பதிவில் 24 அல்லது 25 ஹெர்ட்ஸில் கூர்மையாக ஒரு முனை நிற்கும்; நிமிடத்துக்கு 1,440, 1,500 சுற்றின் குரல் அது, கட்டடத்துடையது இல்லை. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை மறக்க வேண்டாம். 10,000 லிட்டர் என்றால் 10 டன். மேல்தளத்தோடு சேர்ந்து ஆடும் எடை 250 டன் என்று வைத்துக்கொண்டால், தொட்டி நிரம்பினாலே அதிர்வெண் ஏறக்குறைய 2 சதவீதம் இறங்கிவிடும். கருவியை வைப்பதற்கு முன் வாட்ச்மேனிடம் கேளுங்கள், தண்ணீர் எப்போது ஏற்றினார் என்று. ஏணி இருந்தால் மேலே ஏறி, மூடியைத் திறந்து, எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.